ஊதா மூடி, மஞ்சள் மூடி

என் அண்ணன் ஊசிக்கும் பேரம் பேசினார்.

பேசாமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம். வெங்காய மண்டியில் பிறந்து, சாக்குகளுக்கு நடுவே தவழ்ந்து, தரகர்கள் போடும் சத்தத்தையே தாலாட்டாகக் கேட்டுத் தூங்கிய குடும்பம் எங்களுடையது. யாராவது எதையாவது எண்ணாகச் சொல்லிவிட்டால் போதும், குறைத்துக் கேட்பது எங்களுக்குக் கொட்டாவி மாதிரி தானாக வரும். முடி வெட்டுகிறவர் அரைமணி ஆகும் என்றால் கால்மணியில் ஆகாதா என்போம். அண்ணனின் கல்யாணப் பேச்சின்போது பெண்ணின் வயதைச் சொன்னார்கள். அப்பா வாய் தவறி, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்றுவிட்டார். அந்தப் பெண்தான் என் அண்ணி. இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார்.

அண்ணனுக்குக் குடலிறக்கம். மூட்டை தூக்கிய வயதில் வராமல், மெத்தை போட்ட நாற்காலியில் உட்கார்ந்து மூட்டை தூக்குகிறவர்களை அதட்டும் வயதில் வந்தது. மறுநாள் ஆபரேஷன், அதற்கு முன்னால் ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். துணைக்கு நான் போனேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவரை எல்லோரும் கைராசி என்றே கூப்பிட்டார்கள். வழுக்கைத் தலை, நெற்றிக்கு ஏற்றிவிட்ட கண்ணாடி, குத்தினால் தெரியாது என்று பேர் வாங்கிய கை. மேசையில் இரண்டு சின்ன டியூப்களை எடுத்து வைத்தார். ஒன்றுக்கு மஞ்சள் மூடி, ஒன்றுக்கு ஊதா மூடி.

"ரெண்டு எதுக்கு? ஒண்ணுலயே முடிச்சிடுங்க" என்றார் அண்ணன்.

"முடியாதுங்க. இது வேற டெஸ்ட், அது வேற டெஸ்ட்."

"சரி, ரெண்டு டியூப் உங்களுக்கு. ஆனா குத்து ஒண்ணுதான். ரெண்டாவது குத்துக்கு நான் ஆள் இல்ல, இப்பவே சொல்லிட்டேன்."

"ஒரு குத்துதாங்க. நரம்பு நல்லா இருந்தா போதும்."

நரம்பு நல்லா இல்லை. அண்ணனின் கை பார்க்க உரல் மாதிரி இருக்கும். அதற்குள் ரத்தக்குழாய் நூல் மாதிரி ஓடியது, தொட்டால் நழுவியது. ஊசி நுழைந்ததும் அண்ணன் போட்ட சத்தத்தில் வாசலில் காத்திருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். ஊதா மூடி டியூப் நிறைந்தது. மஞ்சள் மூடி டியூபில் கொஞ்சம் விழுந்து, அப்படியே நின்றுபோயிற்று.

"ஐயா, அந்தக் கையில ஒரே ஒரு தடவை..."

"பேச்சு ஒரு குத்துன்னுதான். வாக்கு வாக்குதான்." அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஆளும் அந்த மீசையும், ஒரு ஊசிக்கு.

கைராசி அவரைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு இரண்டு மூடியையும் கழற்றி, ஊதாவிலிருந்து மஞ்சளுக்குக் கொஞ்சம் சாய்த்து ஊற்றினார். மூடினார். இரண்டும் இப்போது கிட்டத்தட்ட ஒரே மட்டம்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் மண்டியில் நாள் முழுக்க நடக்கிற வேலை அது. ஒரு சாக்கு குறைந்தால் பக்கத்துச் சாக்கிலிருந்து நாலு கை அள்ளிப் போட்டு வாயைத் தைத்துவிடுவோம். இங்கேயும் வெங்காயம், அங்கேயும் வெங்காயம். நல்ல மனுஷன், சாமர்த்தியமான வேலைக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைத்துக்கொண்டேன் என்பது சும்மா ஒரு பேச்சுக்கு. அந்த நாட்களில் நான் எதையும் பெரிதாக நினைப்பதில்லை. மழைக்காலம் தொடங்குமுன் என் வீட்டுக்காரி இதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில்தான் இறந்துபோனாள். அதற்குப் பிறகு எனக்கு என்ன ஆயிற்று என்று எல்லோரும் கேட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. காலையில் எழுந்தேன், பல் விளக்கினேன், மண்டிக்குப் போனேன். வெங்காயத்தை அமுக்கிப் பார்த்து உள்ளே ஈரமா காய்ந்ததா என்று சொல்லும் விரல்கள் முன்போலவே சொல்லின. யாராவது நகைச்சுவை சொன்னால் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன், நானும் நாலு சொன்னேன். சுடச்சுட டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அடுத்தவர் ஊதி ஊதிக் குடிப்பதைப் பார்த்துத்தான் அது சூடாக இருந்தது என்று தெரிந்துகொண்டேன். அவ்வளவுதான் வித்தியாசம். மண்டியிலேயே கிடக்கிறவனுக்குக் கண்ணீர் எப்படி வரும், அதெல்லாம் வெங்காயத்துக்கே கொடுத்துத் தீர்ந்திருக்கும் என்று அண்ணி ஒருநாள் சமையலறையில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டது. கேட்டதே தவிர, குத்தவில்லை.

அண்ணனுக்கு முதல் மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். அண்ணி துணிப்பையோடு வந்து சேர்ந்தார். மதியத்துக்கு மேல் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அண்ணன் மகள் வந்தாள். சின்ன வயதில் கட்டிலடி, மேசையடி என்று உருண்டுபோய் ஒளிந்துகொள்வாள், அதனால் அவளுக்குப் பட்டாணி என்று பேர். இப்போது ஆள் என் தோளுக்கு வந்துவிட்டாள். மறுநாள் அவளுக்கு வேதியியல் பரீட்சை. வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய காலண்டர் அட்டை ஒன்றைப் பையிலிருந்து எடுத்தாள். அதன் பின்பக்கம் நடுவே கோடு போட்டு இடப்பக்கம் சிவப்பு மையிலும் வலப்பக்கம் நீல மையிலும் என்னென்னவோ எழுதியிருந்தாள்.

"சித்தப்பா, கேளுங்க. நீங்க பேர் சொல்லணும், நான் பிளஸ்ஸா மைனஸா, எத்தனைன்னு சொல்வேன்."

"இது என்ன, ரெண்டு கட்சியா?"

"அயனி. சிவப்பெல்லாம் நேர் அயனி, நீலமெல்லாம் எதிர் அயனி. ஒரு அணு தன்கிட்ட இருக்கற எலக்ட்ரானைக் குடுத்துட்டா பிளஸ் ஆயிடும். வாங்கிக்கிட்டா மைனஸ்."

"குடுத்தவன் பிளஸ்ஸா? வாங்கினவன் மைனஸா? எந்தக் கடையில நடக்குது இந்த அநியாயம்?"

"ஐயோ, எலக்ட்ரானே மைனஸ் சித்தப்பா. அழுகின வெங்காயத்தை அடுத்தவன் தலையில கட்டிவிட்டா நமக்கு லாபம்தானே? அப்படி வச்சுக்கோங்க."

"அப்படிச் சொல்லு. இது நம்ம சோடியம் அண்ணாச்சி வியாபாரம்."

"சோடியம் பிளஸ் ஒண்ணு. கேளுங்க, கேளுங்க."

கேட்டேன். பொட்டாசியம், பிளஸ் ஒன்று. கால்சியம், பிளஸ் இரண்டு. மெக்னீசியமும் இரண்டு. அலுமினியம் மூன்று. வலப்பக்கம் போனால் குளோரைடு மைனஸ் ஒன்று, நைட்ரேட் ஒன்று, சல்பேட் இரண்டு, பாஸ்பேட் மூன்று. அம்மோனியத்தில் மட்டும் ஒவ்வொரு தடவையும் தடுக்கினாள். தனி ஆளாக இல்லாமல் கூட்டமாக வருவதால் அது நீலப் பக்கத்தில் இருக்க வேண்டியது என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

"பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்தாத்தான் உப்பு. ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும், இல்லைன்னா கூடி நிக்காது" என்றாள்.

"தராசு" என்றேன்.

"ஆமா, தராசு."

அப்போதுதான் வராந்தாவின் கோடியிலிருந்து யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. பணியில் இருந்த டாக்டர். மீசை இன்னும் சரியாக முளைக்காத சின்ன டாக்டர். கையில் ஒரு தாள், பின்னால் சக்கர நாற்காலியோடு ஒரு நர்ஸ்.

"பேஷண்ட் எங்க? எழுந்து நடக்க விடாதீங்க!"

அண்ணன் அறைக்குள் தலையணை தட்டையாக இருக்கிறது என்று அண்ணியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அவரை அள்ளாத குறையாக நாற்காலியில் ஏற்றிக் கீழே தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம். நான் ஓடினேனா என்று ஞாபகம் இல்லை; அங்கே போய்ச் சேர்ந்திருந்தேன்.

"ரத்தத்துல பொட்டாசியம் அஞ்சுக்குள்ள இருக்கணும். இவருக்கு ஒன்பதுக்கு மேல போயிருக்கு" என்றார் சின்ன டாக்டர். அவருக்கே மூச்சு வாங்கியது. "இந்த அளவுக்கு ஏறினா இதயம் எப்ப வேணா நின்னுடும்."

"யாருக்கு?" என்றார் அண்ணன் படுக்கையிலிருந்து.

"உங்களுக்குத்தான்."

அண்ணி வாயில் கை வைத்துக்கொண்டு சுவரோடு சரிந்தார். பட்டாணி காலண்டர் அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நின்றாள். அவள் உதடு அசைந்தது. பொட்டாசியம், பிளஸ் ஒண்ணு. பொட்டாசியம், பிளஸ் ஒண்ணு. சத்தம் வரவில்லை.

நெஞ்சில் கம்பிகளை ஒட்டிப் படம் எடுத்தார்கள். படத்தில் கோளாறு ஒன்றும் தெரியவில்லை; ஆனால் சில பேருக்குத் தெரியாமலேயே நின்றுவிடும், நம்பி இருக்க முடியாது என்றார் சின்ன டாக்டர். இன்சுலின் ஊசி போட்டுப் பொட்டாசியத்தை உடனே இறக்கவேண்டும், அப்புறம் கழுத்தில் குழாய் செருகி மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்யவேண்டும். நர்ஸ் மருந்தை ஊசியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார். சம்மதக் கையெழுத்து வேண்டும்.

பேனாவை அண்ணியிடம் நீட்டினார்கள். "தம்பி, நீங்க போடுங்க தம்பி. சீக்கிரம் போடுங்க" என்று அதை என் கையில் திணித்தார்.

வாங்கினேன். என் கை நடுங்கவில்லை. மேல்மாடியில் என் வீட்டுக்காரிக்காக இதே மாதிரி ஒரு தாளில் போட்ட கையெழுத்து கோணிக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது. இது அச்சு மாதிரி விழுந்திருக்கும். பேனா முனையைத் தாளில் வைத்துவிட்டேன். வாய் அதன் பாட்டுக்குத் திறந்தது.

"ஒருதரம் மறு எடை போட்டுப் பாருங்களேன்."

"என்னது?"

"மறு எடை. எடையில சந்தேகம்னா எங்க மண்டியில சாக்கை இறக்கி மறுபடி ஏத்துவோம்."

"சார், இது வெங்காயம் இல்ல."

"தெரியுது டாக்டர். ஆனா சரக்கைப் பார்த்தா நீங்க சொல்ற எண் பொருந்தலையே. இப்பத்தான் தலையணைக்குச் சண்டை போட்டுக்கிட்டிருந்தார்."

"மறுபடி டெஸ்ட் பண்ணி ரிசல்ட் வர்றதுக்கு நேரமாகும். அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா?"

"அவ்வளவு நேரம் வேண்டாம். உங்களுக்கு மேல ஒருத்தர் இருப்பாங்கல்ல? ஒரு போன் போடற நேரம் குடுங்க. போன்ல பேசுங்க, அவங்க சரின்னா போட்டுடறேன். பேனா தாள் மேலேயே இருக்கு, பாருங்க."

அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "தம்பி! உங்க அண்ணன் உயிருல பேரமா பேசறீங்க? மனசுன்னு ஒண்ணு இல்லையா உங்களுக்கு? கட்டினவ போனப்பவும் கல்லு மாதிரி நின்னீங்க, இப்பவும் இப்படியா!"

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எனக்குப் பயமாக இருந்திருந்தால் அந்தக் கையெழுத்தை எப்போதோ போட்டிருப்பேன். படுக்கையில் கிடந்தது என் அண்ணன் என்று தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எண் ஒரு பக்கம், சரக்கு ஒரு பக்கம், நடுவே தராசு முள் ஆடிக்கொண்டிருந்தது. நம்பிக்கையா என்று கேட்டால் அதுவும் இல்லை. மேல்மாடியில் என் வீட்டுக்காரியை எத்தனையோ தடவை மறு எடை போட்டார்கள். நான் கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் முள் அதே இடத்தில்தான் வந்து நின்றது.

சின்ன டாக்டர் என்னை முறைத்தார். பிறகு போனை எடுத்தார். இரண்டு கையும் வேலையாக இருந்ததால் சத்தமாகக் கேட்கும்படி மேசையில் வைத்தார். மறுமுனையில் பெரிய டாக்டரம்மா. வண்டியில் வந்துகொண்டிருந்தார் போலிருக்கிறது, ஹாரன் சத்தம் கேட்டது.

"சோடியம்?"

"சரியா இருக்கு மேடம். குளோரைடும் சரி. பைகார்பனேட்டும் சரி. பொட்டாசியம் மட்டும் ஒன்பதுக்கு மேல."

"கிட்னி?"

"நார்மல் மேடம்."

"கால்சியம்?"

சின்ன டாக்டர் தாளைத் திருப்பினார். அந்த வரியை அவர் அப்போதுதான் பார்க்கிறார் என்று முகத்திலேயே தெரிந்தது. "மூணு, மேடம். ஒன்பது இருக்கணும்."

வண்டியை வேகமாக ஓட்டச் சொல்வது கேட்டது.

"ஆள் என்ன பண்றார்?"

"பேசிக்கிட்டிருக்கார் மேடம்."

"என்ன பேசறார்?"

"இந்த மெத்தையும் சரியில்லைன்னு பேசறேன்மா!" என்று அண்ணன் படுக்கையிலிருந்தே குரல் கொடுத்தார்.

"நிஜமா கால்சியம் மூணுன்னா இந்நேரம் விரலெல்லாம் முறுக்கிக்கிட்டு இழுப்பு வந்திருக்கும். மெத்தையைப் பத்தி யாரும் பேச மாட்டாங்க. இன்சுலினைக் கீழ வை. வச்சிட்டியா? ரத்தம் எடுத்தது யாரு?"

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் பேனாவை மூடிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அது ஆஸ்பத்திரிப் பேனா; பழக்கதோஷம்.

"கைராசிதாங்க எடுத்தார்" என்றேன் போனைப் பார்த்து. "மஞ்சள் மூடியில குறைஞ்சுது. ஊதா மூடியிலிருந்து கொஞ்சம் ஊத்திச் சமன் பண்ணினார்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அண்ணி நிமிர்ந்தார். "பாத்துட்டும் சும்மாவா இருந்தீங்க?"

"நாமளும் தினம் அதைத்தானே அண்ணி பண்றோம்."

பெரிய டாக்டரம்மா வந்து சேர்ந்தபோது செருப்புச் சத்தத்திலேயே கோபம் தெரிந்தது. ஆனால் எங்களிடம் பொறுமையாகத்தான் பேசினார். ஊதா மூடி டியூப் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். உள்ளே கண்ணாடியில் பனி படிந்த மாதிரி வெள்ளையாக ஏதோ தெரிந்தது.

"இது ஒரு உப்பு. ரத்தம் உறையாம இருக்கணும்னு தடவி வச்சிருக்கு. எந்த உப்புலயும் ஒரு நேர் அயனி, ஒரு எதிர் அயனி இருக்கும். இதுல நேர் அயனி எது தெரியுமா?"

"பொட்டாசியம்" என்றாள் பட்டாணி. உடம்போடு சேர்த்துப் பிடித்த அட்டையை அவள் இன்னும் இறக்கவில்லை.

"ஆமா. எதிர் அயனி ஒரு பெரிய ஆள், உங்க புத்தகத்துல இருக்காது. கால்சியத்தைக் கண்டா கட்டிப் பிடிச்சுக்கும், விடவே விடாது. கால்சியம் பிடிபட்டா ரத்தம் உறையாது, அதுக்குத்தான் இது. இதுல இருந்து மஞ்சள் டியூப்ல ஊத்தினா இந்தப் பொட்டாசியமும் கூடவே போயிடும். அங்க இருக்கற கால்சியத்தையும் அந்தப் பெரிய ஆள் பிடிச்சு வச்சுக்கும். ஒண்ணு ஏறும், ஒண்ணு இறங்கும். ஏறினதும் இறங்கினதும் டியூப்புக்குள்ளதான். இவர் உடம்புல ஒண்ணும் ஆகல."

அண்ணன் எழுந்து உட்கார்ந்தார். "அதாவது, சாக்கோட எடையையும் சேர்த்து என் தலையில கட்டிட்டீங்க."

"அதேதான்."

"அந்த ஊசியைப் போட்டிருந்தா?"

பெரிய டாக்டரம்மா மேசையில் மருந்து ஏற்றியபடியே கிடந்த ஊசியை எடுத்துக் குப்பைப் பெட்டிக்குள் போட்டார். "உங்களுக்குச் சரியா இருக்கற பொட்டாசியத்தையும் அது இறக்கியிருக்கும். அப்போ படத்துல கோளாறு தெரிஞ்சிருக்கும்."

சின்ன டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அண்ணி என் பக்கம் பார்த்தார். பட்டாணி என் கையைப் பிடித்தாள். பிடித்தது தெரிந்தது, அவள் கை ஜில்லென்று இருந்ததா சூடாக இருந்ததா என்று கேட்டால் சொல்ல முடியாது.

மறுபடி ரத்தம் எடுக்கக் கைராசியே வந்தார். வேறு ஆளை அனுப்பட்டுமா என்று பெரிய டாக்டரம்மா கேட்டதற்கு, அவரே வரட்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டார். கண்ணாடி நெற்றியில் இல்லை, மூக்கில் சரியாக உட்கார்ந்திருந்தது. கண் சிவந்திருந்தது.

"மன்னிச்சிடுங்க ஐயா. ஊத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். நீங்க துடிச்சதைப் பார்த்து மனசு கேக்கல."

"நீங்க என்ன பண்ணுவீங்க, நான்தானே ஒரு குத்துன்னு பேசி முடிச்சேன்." அண்ணன் இரண்டு கைகளையும் நீட்டினார். "இந்தாங்க. எத்தனை வேணுமோ குத்துங்க. பேச்சே இல்ல."

எங்கள் குடும்பத்தில் ஒருவர் பேரம் பேசாமல் ஒன்றைக் கொடுத்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மூன்று இடத்தில் குத்தவேண்டி வந்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டார், ஆனால் சத்தம் போடவில்லை. முதலில் மஞ்சள் மூடி, அப்புறம் ஊதா மூடி, இரண்டும் தனித்தனியாக, ஒன்றுக்கொன்று மூச்சுக்கூடப் படாமல். முடிந்ததும் சட்டைக் கையை இறக்கிக்கொண்டே அண்ணன் என்னைக் காட்டினார்.

"இவனுக்கும் ஒண்ணு எடுங்க."

"எனக்கு எதுக்கு?"

"டேய், அண்ணன் சாகப்போறான்னு டாக்டர் சொல்றார், நீ மறு எடை கேக்கற. உன் உடம்புல ரத்தம் ஓடுதா வெங்காயச் சாறு ஓடுதான்னு பாக்க வேண்டாம்?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சொல்லி முடித்ததும் சிரிப்பு நின்றது. "எடுக்கச் சொல்லுங்கம்மா. இவன் பொண்டாட்டி போனதுல இருந்து நானும் பாக்கறேன், ஆள் சரியில்ல."

பெரிய டாக்டரம்மா தலையசைத்தார். நான் கையை நீட்டினேன். என் ரத்தக்குழாய் நல்ல குழாய். ஊசி நுழைந்த உடனே மஞ்சள் டியூபில் ரத்தம் சரசரவென்று ஏறியது. யாருடைய கையையோ பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்கலையா சார்?" என்றார் கைராசி.

"உங்க கைராசி."

"இல்ல சார். எவ்வளவு நல்லாக் குத்தினாலும் எல்லாரும் கொஞ்சம் முகம் சுளிப்பாங்க." பஞ்சை வைத்து அமுக்கி, என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அண்ணனுக்குப் பொட்டாசியம் நாலுக்குக் கொஞ்சம் மேல், கால்சியம் ஒன்பதரை. நாளைக்கு ஆபரேஷன் நடக்கும் என்றார்கள். அண்ணியின் போன் ஓயவில்லை. சற்றுமுன் அழுதுகொண்டே கூப்பிட்ட ஒவ்வொருவரையும் திரும்பக் கூப்பிட்டு, ஒன்றுமில்லை, வரவேண்டாம், டியூப்பில்தான் கோளாறு என்று விளக்கிக்கொண்டிருந்தார். நடுவே ஒருமுறை போனைக் கையால் பொத்திக்கொண்டு, "தம்பி, நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்றார். இல்லை அண்ணி என்றேன். வைத்துக்கொள்ள இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

என் ரிப்போர்ட்டும் வந்தது. பட்டாணிதான் வாங்கிப் படித்தாள். மறுபடி வராந்தாவில், அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

"சோடியம் சரியா இருக்கு சித்தப்பா. பொட்டாசியம் சரி. கால்சியம் சரி. குளோரைடு, பைகார்பனேட்... எல்லாம் சரியா இருக்கு. எதுவும் குறையல."

"உங்கப்பாகிட்ட சொல்லு. வெங்காயச் சாறு இல்லையாம்."

அவள் சிரிக்கவில்லை. தாளை இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். எதையோ தேடி, கிடைக்காதது போல் மடித்து என் சட்டைப் பையில் செருகினாள். உள்ளே கிடந்த ஆஸ்பத்திரிப் பேனாவில் அது சிக்கியது.

"நாளைக்குப் பரீட்சை" என்றாள்.

"ஆமா. குடு அட்டையை."

கொடுத்தாள். வேர்வையில் அட்டையின் ஓரம் ஊறிப்போயிருந்தது. நான் இடப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"சோடியம்?"

"பிளஸ் ஒண்ணு."

"கால்சியம்?"

"பிளஸ் ரெண்டு."

"பொட்டாசியம்?"

அவளைப் பார்த்தேன். மதியத்திலிருந்து நிமிர்ந்தே நின்ற பிள்ளை, அப்பா இல்லை என்று ஆகிவிடும் என்றபோதும் நிமிர்ந்தே நின்ற பிள்ளை, இப்போது எல்லாம் முடிந்த பிறகு தோள் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். வாயைக் கையால் பொத்தியும் சத்தம் வெளியே வந்தது. அந்தப் பக்கமாகப் போன ஒரு நர்ஸ் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

என்ன செய்யவேண்டும் என்று எனக்குத் தெரியும். முதுகைத் தடவவேண்டும். தடவினேன். ஏதாவது சொல்லவேண்டும். சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. கண்ணீர் அவள் முகவாயிலிருந்து என் மடியில் இருந்த அட்டைமேல் சொட்டியது. குளோரைடு என்ற நீல எழுத்தின் வால் கரைந்து பரவ ஆரம்பித்தது. அட்டையைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

"பொட்டாசியம்?" என்றேன் மறுபடியும்.

"பிளஸ்..." மூக்கை உறிஞ்சினாள். "பிளஸ் ஒண்ணு."

"மெக்னீசியம்?"

"ரெண்டு."

"அலுமினியம்?"

"மூணு." அழுகை நிற்கவில்லை. பதிலும் நிற்கவில்லை.

"அம்மோனியம்?"

அங்கே தடுக்கினாள். நான் காத்திருந்தேன். வராந்தாவின் கோடியில் மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டு தெரிந்தது. யாரோ ஒருவர் கையில் தண்ணீர் பாட்டிலோடு ஏறிப் போய்க்கொண்டிருந்தார்.

"பிளஸ் ஒண்ணு" என்றாள்.

"சரி" என்றேன். நீலப் பக்கத்துக்குப் போனேன்.